கிணற்றில் இல்லாத கல்: யாழ்ப்பாணத்து டல்மேஷியன் ஒன்றின் கல்லடைப்பு

நோயாளி நான்கு வயதுக் கடுவன் டல்மேஷியன். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, நிறை 27.5 கிலோ, நலமடிக்காதது. வலிகாமத்தில் வெங்காயத் தறைகளுக்கு நடுவே ஒரு வீடு. வளர்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தாய் தனிய இருக்கிறார் என்று கனடாவிலுள்ள மகன் கொழும்பில் குட்டியாக வாங்குவித்து அனுப்பிய நாய் இது. வீட்டாரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன். நாயை ஜிம்மி என்போம்.

டல்மேஷியன் கடுவனுக்கு யூரேட் கல், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பாலான சலப்பைக் கல், வருவது மிருக வைத்தியம் படித்த எவருக்கும் புதினமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் அந்த நோய் வேறொரு காரணத்தின் பெயரில் வந்து நிற்கிறது: கிணற்றுத் தண்ணீர். அது வெறும் பிழையான அபிப்பிராயமாக இருந்துவிட்டுப் போனால் பரவாயில்லை. இந்த நாய்க்கு அந்த அபிப்பிராயம் தண்ணீரைக் குறைத்தது. குறைந்த தண்ணீர் கல்லை வளர்த்தது.

வந்த நிலை

பங்குனி வெயில் ஏறமுன்னம் ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். சொன்ன முறைப்பாடு மலச்சிக்கல். முதல்நாள் பின்னேரத்திலிருந்து நாய் திரும்பத் திரும்பக் குந்தி முக்குகிறது, ஒன்றும் போகவில்லை என்றார்கள். ஆமணக்கெண்ணெய் பருக்கியாயிற்று. அது கேட்கவில்லை என்றதும் பக்கத்து வீட்டார் சொல்லி, தேங்காய்ப்பூக்கீரை அவித்த தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். இரவில் ஒருமுறை சத்தி. விடியப் பார்த்தால் சீமெந்துத் தரையில் சில துளி இரத்தம்.

மலத்துக்கு முக்குகிற நாயும் சலத்துக்கு முக்குகிற நாயும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் நிற்கும். அதனால் கடுவன் நாய் முக்குகிறது என்று யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி: கடைசியாக அது சலம் போனதைக் கண்ணால் கண்டது யார்? இந்த வீட்டில் ஒருவரும் காணவில்லை. பின்வளவுக்கு அவிழ்த்துவிட்டால் அது தானாகப் போய்வரும், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள்.

வயிற்றைத் தொட்டதுமே சலப்பை தட்டுப்பட்டது. பெருத்து, இறுகி, தொடவிடாத நோவு. முரசு வெளிறியும் உலர்ந்தும் இருந்தது. வெப்பநிலை 38.2 பாகை. என்னை அவசரப்படுத்தியது இதயத் துடிப்புத்தான்: நிமிடத்துக்கு 68. இவ்வளவு நோவோடு, ஓட்டோவில் குலுங்கி வந்த நாயின் இதயம் இப்படி ஆறுதலாக அடிக்கக்கூடாது. ஈசிஜியில் ரீ அலைகள் உயர்ந்து கூராக நின்றன, பீ அலை மங்கியிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் லீற்றருக்கு 7.3 மில்லிமோல், சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 4.6 மில்லிகிராம். சலம் வெளியேறாமல் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கியிருந்தது. இந்த நிலையில் நாயைக் கொல்வது கல் அல்ல, இதயம் நிற்பது.

கீரைத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். சலத்தைக் கூட்டுகிறது என்று நம்மூரில் காலங்காலமாகக் குடிப்பது அது, நானும் குடித்திருக்கிறேன். ஆனால் வழி முற்றாக அடைபட்ட நாய்க்குச் சலத்தைக் கூட்டுகிற எதுவும் உதவாது, கேடுதான் செய்யும். வாசல் பூட்டியிருக்கும்போது உள்ளே இன்னும் நிரப்பி என்ன பயன்?

அன்று செய்தது

முதலில் கல்சியம் குளுக்கோனேற்று மெதுவாக நாளத்தில். அது பொட்டாசியத்தை இறக்காது; இதயத் தசையைச் சிறிது நேரம் காப்பாற்றித் தரும். பிறகு சேலைன், இன்சுலினும் குளுக்கோசும். ஊசியை வயிற்றுச் சுவரூடாகச் செலுத்திச் சலப்பையைக் கொஞ்சம் வடித்து அழுத்தத்தைக் குறைத்தோம். அதன் பிறகுதான் சலக்குழாய்க்குள் கதீற்றர் என்ற மெல்லிய குழாயை விட்டோம்.

கதீற்றர் போய் முட்டிய இடம், எதிர்பார்த்தபடி, ஆண்குறி எலும்பின் பின்முனை. கடுவன் நாயின் குறிக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. சலக்குழாய் அந்த எலும்பின் அடியிலுள்ள தவாளிப்புக்குள்ளால் போகிறது. மற்ற இடங்களில் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். இங்கே எலும்பு விடாது. சலப்பையிலிருந்து கிளம்பி வருகிற சிறுகல் இங்கே வந்துதான் மாட்டும். பெட்டை நாய்க்குக் குழாய் குட்டை, அகலமும் கூட. அதே கல் பெரும்பாலும் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். யூரேட் கல்லடைப்போடு வருகிற டல்மேஷியன்கள் அநேகமாகக் கடுவன்களாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மயக்கம் கொடுத்து, மலவாசலூடாக விரல் வைத்துக் குழாயை இடுப்பெலும்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் களி கலந்த சேலைனைக் கதீற்றரால் செலுத்தினோம். குழாய் புடைத்ததும் விரலை எடுக்க, கல் பின்னோக்கிச் சலப்பைக்குள் ஓடியது. முதல் முறையே சரிவரவில்லை. பொறுமை வேண்டிய வேலை. கல்லை இருக்கிற இடத்திலேயே வெட்டி எடுப்பதைவிடப் பின்னால் தள்ளிவிட்டுச் சலப்பையைத் திறந்து எடுப்பது எவ்வளவோ மேல். குழாயில் வைக்கிற வெட்டு ஆறும்போது சுருங்கி, அடுத்த கல்லுக்கு இன்னும் ஒடுங்கிய வழியாகிவிடும்.

மறுநாள் பொட்டாசியம் 4.8க்கு இறங்கியதும் சலப்பையைத் திறந்தோம். பச்சை கலந்த மண்ணிறத்தில், உருண்டு வழுவழுத்த சிறுகற்கள். பகுப்பாய்வு முடிவு வரச் சில கிழமைகள் பிடித்தன: அமோனியம் யூரேட்.

இதற்கிடையில் எக்ஸ்ரே பற்றிய ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த படத்தில் ஒன்றும் தெளிவாக இல்லை. அதைக் கைபேசியில் பார்த்த மகன், "கல்லே இல்லாத இடத்தில் ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று கனடாவிலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. கல்சியம் உள்ள கல் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் துலங்கும். யூரேட் கல்லில் கல்சியம் இல்லை. பெரும்பாலும் படத்தில் மறைந்துவிடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் அது பளிச்சென்று தெரிந்தது, பின்னால் நிழலும் விழுந்தது. டல்மேஷியன் ஒன்றின் எக்ஸ்ரே துப்புரவாக இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது.

சலப் பரிசோதனை: பிஎச் 6.0, ஒப்படர்த்தி 1.042, மண்டியில் ஊமத்தங்காய் போல முள் நீட்டிய மண்ணிறப் பளிங்கு உருண்டைகள். பளிங்கு மட்டும் இருந்தால் நோய் என்று எடுக்க முடியாது. சுகமாக ஓடித்திரிகிற டல்மேஷியனின் சலத்திலும் அது இருக்கும். அந்த 1.042 தான் கதை சொன்னது. சலம் அவ்வளவு தடிப்பாக இருந்தது. நாய் போதியளவு தண்ணீர் குடிக்கவில்லை.

கிணற்றின் மேல் வைத்த பழி

"தம்பி, இந்த ஊர்த் தண்ணியில மனுசருக்கே கல்லு வருது, நாய்க்கு வராதே? அதுதான் நான் குட்டியில இருந்து போத்தல் தண்ணிதான் குடுக்கிறன்," என்றார் ரீச்சர்.

நான் எதிர்பாராத விபரம் அது. "ஒரு நாளைக்கு எவ்வளவு குடுப்பியள் ரீச்சர்?"

"காலமை ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை. விலைக்கு வாங்கிற தண்ணி, ஊத்தி வைச்சா மூக்கைப் போட்டுக் கொட்டிப்போடும்."

கணக்குப் பார்த்தால் முக்கால் லீற்றருக்குக் கிட்ட. ஒரு நாய்க்குச் சாதாரணமாகக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வேண்டும். இந்த நிறைக்கு ஒன்றரை லீற்றர் வருகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் அது போதாது. கிணற்றுக் கட்டுக்குப் பத்தடி தள்ளிக் கட்டியிருந்த நாய் தண்ணீர் போதாமல் கிடந்திருக்கிறது.

ரீச்சரின் பயத்துக்கு அடித்தளம் இல்லாமலில்லை. நிரந்தர ஆறு இல்லாத குடாநாடு இது. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதை எல்லா வீட்டிலும் காணலாம். அந்தப் படை கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. கேத்தலில் படிகிறது உடலிலும் படியும் என்று மனம் போவது இயல்பு. ஆனால் ஜிம்மியின் சலப்பையிலிருந்து எடுத்த கல்லில் சுண்ணாம்பு இல்லை. அது தண்ணீரிலிருந்து வந்த பொருளே அல்ல. உடம்பின் உயிர்க்கலங்களும் தின்ற இறைச்சி, மீனின் கலங்களும் சிதையும்போது வருகிற பியூரினின் கழிவு. கொழும்பில் வளர்ந்தாலும் நுவரெலியாவில் வளர்ந்தாலும் இந்த நாய்க்கு இந்தக் கல் வரக்கூடியதே.

கிணற்றை முழுக்க நல்லது என்று சொல்ல வரவில்லை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் பசளை இறங்கி நைத்திரேற்று கூடிய கிணறுகள் உண்டு. அது மனிதருக்கும் கைக்குழந்தைக்கும் தனிப் பிரச்சினை, அதற்குத் தண்ணீரைச் சோதிப்பிக்க வேண்டும். இந்தக் கல்லுக்கு மட்டும் கிணறு பொறுப்பில்லை.

பொறுப்பு எங்கே இருக்கிறது

நாயின் உடம்பில் பியூரின் சிதைந்து யூரிக் அமிலமாகும். அதை ஈரலிலுள்ள யூரிக்கேஸ் என்ற நொதியம் அலன்ரொயின் ஆக்கிவிடும். அலன்ரொயின் தண்ணீரில் நன்றாகக் கரையும், சலத்தோடு போய்விடும். மனிதருக்கு அந்த நொதியம் இல்லை. நமக்குக் கௌட் என்கிற மூட்டுநோவு வருவது அந்தக் குறையால்.

டல்மேஷியனுக்கு நொதியம் இருக்கிறது. விசித்திரம் அங்கேதான். ஈரலில் யூரிக்கேஸ் நிறைய இருந்தும் யூரிக் அமிலம் ஈரற்கலத்துக்குள் போய்ச் சேர்வதில்லை. உள்ளே கொண்டுபோகிற கடத்திப் புரதம் பழுது. அதே புரதம் சிறுநீரகத்திலும் வேலை செய்கிறது. அங்கேயும் பழுது என்பதால், வடிகட்டிய யூரிக் அமிலம் இரத்தத்துக்குத் திரும்பாமல் சலத்தோடு கொட்டுகிறது. மற்ற நாய்கள் ஒரு நாளைக்கு 10 முதல் 60 மில்லிகிராம் யூரிக் அமிலத்தைச் சலத்தில் விடும். டல்மேஷியன் விடுவது 400 முதல் 600 மில்லிகிராம். சாதாரண நாயின் ஈரலை டல்மேஷியனுக்கு மாற்றி வைத்தபோது இந்தக் குறை நீங்கியதைப் பழைய ஆய்வுகளே காட்டிவிட்டன. பழுதான மரபணு எதுவென்று தெரிந்தது 2008 இல், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களால்: எஸ்எல்சி2ஏ9. புல்டோக்கிலும் கறுப்பு ரஷ்யன் ரெரியரிலும் அதே பழுது சில நாய்களுக்கு இருக்கிறது. டல்மேஷியனில் அப்படியில்லை: இனக்கலப்பற்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதியும் பழுது. நல்ல குட்டியாகப் பார்த்து வாங்கித் தப்பிக்க வழியில்லை.

ஆனாலும் எல்லா டல்மேஷியனுக்கும் கல் வருவதில்லை. பிறப்பிலேயே சரிவான நிலத்தில் நிற்கிறது. யார் தள்ளுகிறார்கள் என்பது வீட்டைப் பொறுத்தது. ஜிம்மியைத் தள்ளியவை மூன்று. தண்ணீரைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, சாப்பாடு. "நாங்கள் சாப்பிடுறதுதான் தம்பி," என்று முடித்துவிட்டார் ரீச்சர். வேளை வேளையாகக் கேட்டபோது வேறு படம் வந்தது. மத்தியானம் சோற்றோடு நெத்தலிக் கருவாட்டுத் தலை, சூடை மீன் அவித்த தண்ணீர். மீன்காரர் படலைக்கு வந்தால் நாய்க்கென்று ஒரு பங்கு. சத்துக்காகக் கிழமையில் சில தடவை ஆட்டு ஈரல். அன்பாகத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் நெத்தலி, சூடை, ஈரல், சிறுநீரகம், இறால் வகை எல்லாம் பியூரின் நிறைந்த பட்டியலின் தலைப்பில் இருப்பவை. இந்த இனத்துக்குக் கல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் திட்டமிட்டாலும் இதைவிடப் பொருத்தமான கோப்பையை நிரப்ப மாட்டார்.

மூன்றாவது, சலத்தை அடக்கி வைத்தல். ஜிம்மி துப்புரவான நாய். வீட்டுக்குள்ளும் சீமெந்து முற்றத்திலும் போகாது. காலை அவிழ்த்துவிட்டால், பிறகு பின்னேரம் மருமகன் வேலையால் வந்துதான். தடித்த சலம் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் சலப்பைக்குள் நின்றால் மண்டி அடைந்து கல்லாகாமல் என்ன செய்யும்?

கட்டிவைத்த வண்டிநாய்

இனத்தின் இயல்பைக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தக் கட்டிவைத்தல் எவ்வளவு பெரிய விடயம் என்பது விளங்கும். பெயர் வந்தது குரோசியாவின் அட்ரியாற்றிக் கரையிலுள்ள டல்மேஷியாவிலிருந்து. பேர் வாங்கியது இங்கிலாந்தில், குதிரை வண்டிகளோடு ஓடி. வண்டியின் கீழும் பக்கத்திலும் மைல்கணக்காக ஓடுவது, தரித்த இடத்தில் குதிரைக்கும் வண்டிக்கும் காவல் நிற்பது. அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளைக் குதிரை இழுத்த காலத்தில் அவற்றுக்கு முன்னால் ஓடியதும் இதுவே. வளர்ந்த கடுவன் தோளுயரம் 56 முதல் 62 சென்ரிமீற்றர்; ஒல்லியாகத் தெரிந்தாலும் உடம்பு முழுக்கத் தசை. பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கக்கூடிய நாய்.

மாமரத்தின் கீழ் சங்கிலியில் இருத்திவைக்கிற காவல் நாய் இதல்ல. ஓடவிடாத டல்மேஷியன் கிடங்கு கிண்டும், செருப்புக் கடிக்கும், ஊர்ச் சத்தமெல்லாவற்றுக்கும் குரைக்கும். பிறகு "குணம் கெட்ட இனம்" என்ற பெயரும் வரும். சினிமாவில் புள்ளியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் பலர். ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் நடத்த ஆளில்லாத வீடு இதை வாங்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மகன் வெளிநாட்டில், தாய் எழுபதைத் தாண்டியவர்: அனுப்பமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஊர் நாய்க்குட்டி ஒன்றை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

மயிர் குட்டை, ஆனால் வருடம் முழுக்கக் கொட்டும். "சீலையெல்லாம் வெள்ளை மயிர்" என்பது ரீச்சரின் நெடுநாள் முறைப்பாடு. இரண்டு நாளைக்கொருமுறை இறப்பர்த் தூரிகையால் வாருவதைத் தவிர வழியில்லை. வெள்ளை மயிரின் கீழ் தோல் இளஞ்சிவப்பு. உச்சி வெயிலில் மூக்கும் அடிவயிறும் வெந்துபோகும். உண்ணிக் காய்ச்சல் மற்ற நாய்களைப் போலவே இதற்கும், உண்ணி மருந்தைத் தவறவிடக்கூடாது.

காது

இது தற்செயலாகக் கண்டது. வாட்டில் வைத்திருந்த இரண்டாம் நாள், நாயின் இடப்பக்கம் சில்வர்க் கிண்ணம் ஒன்று விழுந்தது. ஜிம்மி திடுக்கிட்டு வலப்பக்கம் திரும்பியது. பிறகு வேண்டுமென்றே கண்ணுக்குத் தெரியாமல் நின்று, மாறி மாறிக் கைதட்டிப் பார்த்தோம். எந்தப் பக்கத்தில் தட்டினாலும் வலப்பக்கமே தேடியது.

ரீச்சரிடம் கேட்டேன். "கூப்பிட்டா நாலு பக்கமும் பாத்துப்போட்டுத்தான் வரும். கொழுப்பெண்டு நினைச்சன்," என்றார்.

ஒரு காது கேட்காத நாய்க்குச் சத்தம் கேட்கும், ஆனால் எந்தத் திசை என்று பிடிபடாது. டல்மேஷியனில் இது அதிகம். அமெரிக்காவில் சோதித்த டல்மேஷியன்களில் ஏறத்தாழ 8 வீதத்துக்கு இரண்டு காதும், 22 வீதத்துக்கு ஒரு காதும் கேட்கவில்லை. காரணம் அந்த வெள்ளை. தோலுக்கு நிறம் கொடுக்கிற கலங்கள் உள்காதிலும் வேண்டும். அங்கே அவை போய்ச் சேராவிட்டால், பிறந்து மூன்று நான்கு கிழமைக்குள் கேள்விக் கலங்கள் அழிந்துவிடும். நீலக்கண் உள்ள குட்டிகளில் இந்தக் குறை கூடவும், பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வருகிற குட்டிகளில் குறையவும் காணப்படுவது அதனால்தான். மற்றக் குட்டிகள் எல்லாம் வெள்ளையாகப் பிறந்து, இரண்டாம் கிழமையிலிருந்துதான் புள்ளி காட்டும்.

உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் மூளைத்தண்டின் மின்னலையை அளக்கிற பேயர் சோதனை செய்ய வேண்டும். அந்த வசதி எங்களிடம் இல்லை. ஆகவே பதிவேட்டில் "இடது காது கேளாமை, ஐயம்" என்றுதான் எழுதினேன். வீட்டாருக்கு ஒரே அறிவுரை: தெருவில் சங்கிலியில்லாமல் விடவேண்டாம். மோட்டார்சைக்கிள் வருகிற பக்கத்தை இந்த நாய் பிழையாகத்தான் கணக்கெடுக்கும். அடிக்கவும் வேண்டாம், சொற்கேளாமை இல்லை அது.

வீட்டுக்கு அனுப்பியபோது

தண்ணீர்: கிணற்றுத் தண்ணீரே, எவ்வளவும். மூன்று இடத்தில் கிண்ணம், ஒன்று கிணற்றடியில். கொட்டினால் கொட்டட்டும். சோற்றையும் கஞ்சிப் பதத்தில் தண்ணீர் விட்டே கொடுக்க வேண்டும். குடிக்க மனமில்லாத நாயும் சாப்பாட்டோடு உள்ளே எடுத்துவிடும். இலக்கு, சல ஒப்படர்த்தி 1.020க்குக் கீழே.

சாப்பாட்டில் வீட்டார் செய்ய நினைத்த பிழையை முதலில் மறித்தேன். மகன் இணையத்தில் படித்துவிட்டு, இனி மரக்கறி மட்டும் என்றார். குறைக்க வேண்டியது பியூரின், புரதம் அல்ல. நீண்டகாலம் புரதத்தை ஒறுத்து வளர்த்த டல்மேஷியன்களில் இதயத் தசை தளர்ந்துபோனது பதிவாகியிருக்கிறது. நல்ல வேளையாக, பியூரின் குறைந்த புரதம் நம்மூர்க் குசினியில் இருக்கிறது: முட்டையும் தயிரும். சோறு, அவித்த முட்டை, தயிர், பூசணி, கரட், போஞ்சி. இடைக்கிடை கோழி இறைச்சி, அதுவும் அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டு, ஏனென்றால் பியூரினில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். மீன் அவித்த தண்ணீரைச் சோற்றில் விடுவது இதற்கு நேர் எதிரான வேலை. ஈரல், நெத்தலி, சூடை, இறால், நண்டு அறவே இல்லை. வெங்காயமும் இல்லை, அது கல்லுக்காக அல்ல, நாயின் செங்குருதிக் கலங்களை வெங்காயம் உடைக்கும் என்பதற்காக. வெங்காயத் தறைக்கு நடுவே இருக்கிற வீட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் வளர்கிற நாய்க்குக் கல்சியமும் விற்றமின்களும் போதாது; அதற்குத் தனியாகக் குளிசை கொடுத்தோம். யூரேட் கல்லுக்கென்றே செய்த பெட்டி உணவு இருக்கிறது, இறக்குமதி விலையில். முடிந்தவர்கள் அதைக் கொடுப்பது இலகு.

சலத்தின் பிஎச்சை 7க்குக் கிட்டக் கொண்டுவரப் பொட்டாசியம் சித்திரேற்று, இரத்தத்தில் பொட்டாசியமும் கிரியற்றினினும் வழமைக்கு வந்தபின். 7.5ஐத் தாண்டவிடக்கூடாது, தாண்டினால் கல்சியம் பொஸ்பேற்றுக் கல்லுக்குக் கதவு திறக்கும்.

அலோபியூரினோல் கொடுக்கவில்லை. இதைப் பற்றிச் சற்று விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரீச்சரின் தமையனார் கௌட்டுக்கு அதே குளிசை போடுகிறவர், "அண்ணையின்ர குளிசையில பாதி குடுக்கலாமோ?" என்ற கேள்வி இரண்டாம் நாளே வந்துவிட்டது. யூரிக் அமிலம் உண்டாவதையே மறிக்கிற மருந்து அது. இருக்கிற யூரேட் கல்லைக் கரைக்கப் பயன்படும், சில நாய்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் மறித்த இடத்தில் சாந்தீன் என்ற முந்திய பொருள் தேங்கும். நாய் ஒரு பக்கம் நெத்தலி தின்றுகொண்டு மறுபக்கம் இந்தக் குளிசையும் போட்டால், யூரேட் கல்லுக்குப் பதில் சாந்தீன் கல் வரும். அதைக் கரைக்க மருந்தே இல்லை. ஜிம்மியின் கல்லை வெட்டி எடுத்தாயிற்று, சிறுநீரகமும் அடிபட்டு எழும்பிக்கொண்டிருந்தது. சாப்பாடும் தண்ணீரும் என்ன செய்கின்றன என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

வெளியே விடுதல் நாளுக்கு ஐந்து தடவை, கடைசி படுக்கமுன். ஓட்டம் விடிய வெயில் ஏறமுன்னம். மருமகன் மூஞ்சையைச் சுளித்தார். பிறகு சைக்கிளில் கூட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார் என்று கேள்வி.

பின்தொடர்ச்சி

இரண்டாம் கிழமை தையல் வெட்ட வந்தபோது ஒப்படர்த்தி 1.018, பிஎச் 7.0, கிரியற்றினின் வழமை. மூன்றாம் மாத ஸ்கானில் சலப்பை துப்புரவு. ஆறாம் மாதம் ஒப்படர்த்தி நன்றாக இருந்தும் மண்டியில் பளிங்கு மறுபடி ஏறியிருந்தது. ஸ்கானில் கல் இல்லை, மணல்போலக் கொஞ்சம். ரீச்சர் சத்தியம் செய்தார், வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்று. விசாரித்ததில், வேலிக்கு அங்கால் இருக்கிற பெடியன் ஒருவன் ஒவ்வொரு மத்தியானமும் கருவாட்டுத் தலைகளை வேலிப் பொட்டுக்குள்ளால் ஜிம்மிக்குக் கொடுத்துவந்திருக்கிறான். தகரம் வைத்து அடைத்ததும் அடுத்த பரிசோதனையில் மணல் குறைந்தது.

இதற்குள் கொழும்பிலிருந்து ஒருவர், தன் பெட்டைக்கு ஜிம்மியைச் சேர்க்கலாமா என்று மகனூடாகக் கேட்டிருந்தார். வடிவான நாய், புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், கேட்டதில் ஆச்சரியமில்லை. நான் வேண்டாம் என்றேன். கல்லைத் தருகிற மரபணு ஜிம்மியின் எல்லாக் குட்டிக்கும் போகும், பெட்டையிடமும் அதுவே இருக்கிறது. அதை மாற்ற இதுவரை நடந்த ஒரே வழி வெளியினக் கலப்பு: 1973 இல் ரொபேட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் பொயின்ரர் என்ற வேறு இன நாய் ஒன்றோடு சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டல்மேஷியனோடேயே சேர்த்து, யூரிக் அமிலம் வழமையான டல்மேஷியன் வரிசையை உண்டாக்கினார். அந்த வரிசையை அமெரிக்கக் கெனல் கிளப் 2011 இல்தான் முறையாக ஏற்றுக்கொண்டது. கல்லைவிட எனக்குப் பெரிய தடையாகப் பட்டது காது. ஒரு காது கேளாத பெற்றோரின் குட்டிகளில் செவிடு கூடுதலாக வரும். இரண்டு காதும் கேளாத குட்டியை வாங்கப்போகிறவருக்கு அது தெரிந்திருக்கப்போவதில்லை.

கொழும்புக்காரர் கோபித்துக்கொண்டார். ரீச்சர் நலமடிக்கச் சம்மதித்தார். மறுபடி அடைத்தால் அடுத்த வழி, விதைப்பையைத் தள்ளி அந்த இடத்தில் சலக்குழாய்க்குப் புது வாசல் வைப்பது. குழாய் அங்கே அகலம், எலும்பும் குறுக்கே வராது. இப்போதைக்கு அதற்குத் தேவையில்லை. மாதம் ஒருமுறை விடியற்காலைச் சலத்தைப் போத்தலில் பிடித்து ஓட்டோக்காரரிடம் கொடுத்துவிடுகிறார், ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான்.